பதினாலாயிரத்துக்கு ஒரு பழைய லாரி: மறுவெளியீட்டு ஆப்டிமஸ் பிரைமை வாங்கலாமா?

நீங்கள் கேட்ட கேள்வி இது: 1984இல் வந்த ஆப்டிமஸ் பிரைம் பொம்மையின், அதாவது லாரியாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோவின், ரீஇஷ்யூ (மறுவெளியீடு) ஒன்று பெங்களூரில் ஒருவரிடம் இருக்கிறது, பெட்டி திறந்தது, பாகங்கள் எல்லாம் இருப்பதாகச் சொல்கிறார், விலை 14,000 ரூபாய், வாங்கலாமா, வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறுமா?

இரண்டாவது பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். மறுவெளியீடு என்றாலே, அதை இன்னொரு தடவையும் வெளியிட முடியும் என்றுதான் அர்த்தம். பொம்மையை வார்க்கும் அச்சு கம்பெனியின் கையில் இருக்கிறது, ஆசைப்படுகிற நாற்பது வயதுக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அப்புறம் ஏன் சும்மா இருப்பார்கள்? இதே பொம்மையை 2002இல் ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க பொம்மை கம்பெனி அங்குள்ள டாய்ஸ் ஆர் அஸ் கடைகளுக்காக மறுபடி போட்டது. 2007இல் ஜப்பானில் டகாரா டோமி ‘என்கோர்’ என்று ஒரு வரிசை தொடங்கியபோது அதில் முதல் எண் இவருக்குத்தான், அங்கே இவர் பெயர் கான்வாய். 2024இல் ‘மிஸ்ஸிங் லிங்க்’ வரிசையிலும் முதல் ஆள் இவர்தான். ஒவ்வொரு தடவையும் புதுசு கடைக்கு வந்ததும் முந்தைய மறுவெளியீட்டைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருந்தவர்கள் முகம் தொங்கிப்போகும். அசல் 1984 பெட்டி வேறு விஷயம், அதை இனி யாரும் செய்ய முடியாது.

எனவே முதலீட்டுக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேசலாம்.

ரீஇஷ்யூ என்ற ஒரே சொல்லைப் போட்டு மூன்று வேறு சரக்குகளை விற்கிறார்கள், உங்களுக்குக் காட்டியது எது என்று முதலில் தெரிய வேண்டும். பழைய அச்சிலேயே, அல்லது பழையதை அப்படியே பார்த்துச் செய்த அச்சில், மறுபடி வார்த்தது ஒன்று. இதுதான் உண்மையான மறுவெளியீடு. தோற்றத்தைப் பழையபடி வைத்துக்கொண்டு உள்ளே மூட்டுகளை எல்லாம் புதிதாக வடிவமைத்தது இன்னொன்று, மிஸ்ஸிங் லிங்க் இந்த வகை. மூன்றாவது, முழுக்கப் புது வடிவமைப்பு, பெட்டி மட்டும் பழைய சிவப்புக் கட்டம் போட்ட பாணியில். மூன்றாவதைப் படத்தில் பார்த்துவிட்டு ‘சின்ன வயதில் பார்த்த அதே பொம்மை’ என்று வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. 2003இல் தொடங்கிய மாஸ்டர்பீஸ் வரிசையையும் சிலர் இதோடு போட்டுக் குழப்புவார்கள். அது தொலைக்காட்சித் தொடரில் வந்த உருவத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்தது, இதோடு சேர்த்தி இல்லை.

நீங்கள் சொன்ன விவரத்தைப் பார்த்தால் முதல் வகை மாதிரித்தான் தெரிகிறது. அப்படியென்றால் அந்த பொம்மை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் அதன் பலம் பலவீனம் இரண்டும் அங்கேதான் கிடக்கிறது. இது ஆப்டிமஸ் பிரைமாகப் பிறக்கவே இல்லை. ஜப்பானில் டகாரா கம்பெனி (இன்றைய டகாரா டோமி) 1980இல் டயாக்ளோன் என்று ஒரு வரிசை ஆரம்பித்தது, அதில் 1983இல் வந்த ‘பேட்டில் கான்வாய்’தான் இது. டயாக்ளோன் கதையில் ரோபோக்களுக்கு உயிர் கிடையாது, கட்டைவிரலைவிடக் குட்டையான, காலில் காந்தம் வைத்த குட்டி ஆட்கள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுவார்கள். அதனால்தான் ஆப்டிமஸின் மார்பில் இருக்கும் கண்ணாடி திறக்கும், உள்ளே ஆள் உட்கார இடம் இருக்கும். ஹாஸ்ப்ரோ 1984இல் டயாக்ளோன், டகாராவின் இன்னொரு வரிசையான மைக்ரோமேன் இரண்டிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, உயிருள்ள ரோபோக்கள் என்று கதை கட்டி டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. ஓட்டுநர் போய்விட்டார், அவர் உட்கார்ந்த இடம் மட்டும் நாற்பது வருஷமாகக் காலியாகவே இருக்கிறது. எனக்கு இந்த பொம்மையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சரி, இதனால் வாங்குகிறவருக்கு என்ன? இது முதலில் லாரி, இரண்டாவது டிரெய்லர், மூன்றாவதாகத்தான் ரோபோ. லாரியாகப் பார்த்தால் இன்றைக்கும் அவ்வளவு அழகு: ரப்பர் டயர், வெள்ளி முலாம், சில பாகங்கள் டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோகம் என்பதால் கையில் எடுத்தால் ஒரு கனம். டிரெய்லரைப் பிளந்தால் அது ஒரு தளமாக விரியும், நடுவில் இயந்திரக் கை நிற்கும், ரோலர் என்ற ஆறு சக்கர வண்டி உள்ளேயிருந்து ஸ்பிரிங்கில் பாய்ந்து வெளியே வரும். ஆனால் ரோபோவாக நிறுத்திப் பார்த்தால் மரக்கட்டை மாதிரி நிற்பார். காலை அகட்டி நிற்க வைக்க முடியாது, தலை திரும்பாது, கையை விதவிதமாக மடக்கிப் போஸ் கொடுக்க வைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். முஷ்டிகள் இரண்டையும் கழற்றித் தனியே வைத்துவிட்டுத்தான் லாரியாக்க வேண்டும், அவை சோபா இடுக்கில் போய்ச் சேர்வதற்கென்றே செய்த அளவில் இருக்கும். மறுவெளியீட்டில் இதெல்லாம் சரிசெய்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே அச்சு என்றால் அதே குறைகளும்தான். இன்றைய பொம்மைகள் முழங்கால் மடக்கி மண்டி போடுவதைப் பார்த்துப் பழகிய கை உங்களுடையது என்றால் பத்தே நிமிஷத்தில் சலித்துவிடும், அப்போது மிஸ்ஸிங் லிங்க் பக்கம் போவதே மேல்.

பின்னே எதற்காக வாங்க வேண்டும்? என் பதில் ஒன்றுதான்: பயப்படாமல் மடக்கலாம்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டில் ஒருவரிடம் பெட்டியோடு ஓர் அசல் வாங்கினேன். பெட்டியின் உள்தட்டு தெர்மோகோல். தூக்கிப் பார்த்தால் டயர்கள் பட்டிருந்த இடத்திலெல்லாம் தெர்மோகோல் உருகிக் குழி விழுந்து, டயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டயரை மிருதுவாக வைப்பதற்காகச் சேர்த்த எண்ணெய் மாதிரியான பொருள் இத்தனை வருஷத்தில் மெதுவாகக் கசிந்து பக்கத்தில் இருந்ததைத் தின்றிருக்கிறது. நகத்தால் சுரண்டி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். அன்றைக்கு ராத்திரியே ஆசை தாங்காமல் மார்புக் கண்ணாடியைத் திறந்தேன், டிக் என்று ஒரு சத்தம், கீல் முனை மேசையில் உருண்டது. கால் நகத்துணுக்கு அளவுதான் இருக்கும். நாற்பது வயது பிளாஸ்டிக் வளையாது, ஒடியத்தான் செய்யும். அதற்கப்புறம் அவர் அலமாரியை விட்டு இறங்கவில்லை, நானும் தொடவில்லை. அக்கா மகன் வீட்டுக்கு வந்தால் அந்த அலமாரியைப் பூட்டி வைப்பேன். பிறகு ஒரு ரீஇஷ்யூ வாங்கினேன், இப்போது அவன் வந்தால் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். முஷ்டி காணாமல் போய் இரண்டு தடவை பெருக்குமாற்றால் கட்டிலுக்கடியில் தேடியாயிற்று, அது வேறு கதை.

பழைய பிளாஸ்டிக்குக்கு வரும் நோய்கள் இதோடு முடியவில்லை. வெள்ளை, வெளிர்சாம்பல் பாகங்கள் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். வெள்ளி முலாம் என்பது காகிதத்தைவிட மெல்லிய படலம், விரல் பட்ட இடத்திலெல்லாம் தேய்ந்து அடியில் இருக்கிற சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்த சில பொம்மைகளில் பொன்னிறப் பொடி கலந்த பிளாஸ்டிக் போட்டார்கள், அது அலமாரியில் சும்மா இருந்தாலே பிஸ்கட் மாதிரி உதிரும். ஆப்டிமஸுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அந்த மாதிரி ஒரு பொம்மைக்கு நல்ல பிளாஸ்டிக்கில் மறுவெளியீடு வந்தால் யோசிக்காமல் வாங்கலாம், ஏனென்றால் அங்கே அசல் என்பது பார்ப்பதற்குக்கூட மிஞ்சப் போவதில்லை.

இப்போது அந்த பெங்களூர்க்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் புகைக்குழாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லாரியின் இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்குமே, ரோபோவாக ஆனதும் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். 2002 அமெரிக்கப் பதிப்பில் அதை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள், குழந்தைகள் பாதுகாப்பு விதிக்காக. லாரியாக நிறுத்தினால் யாரோ முடி வெட்டி அனுப்பிய மாதிரி இருக்கும். உங்களுக்கு அது கண்ணை உறுத்தாது என்றால் பரவாயில்லை, எனக்கு உறுத்தும், அந்தப் பதிப்புக்கு நான் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன். அதே வரிசையில் வந்த ஸ்டார்ஸ்கிரீம் விமானத்துக்கு ஏவுகணைகளை நீளமாக்கினார்கள், குழந்தை தொண்டையில் போகக்கூடாது என்று. சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் இந்த பயத்துக்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது: 1978 கடைசியில் மேட்டல் கம்பெனியின் விண்கலப் பொம்மை ஒன்றிலிருந்து பாய்ந்த குட்டி ஏவுகணை ஒரு சிறுவனின் தொண்டையில் சிக்கி அவன் இறந்துபோனான். அதற்கப்புறம்தான் அமெரிக்காவில் ஸ்பிரிங் வைத்த ஏவுகணை என்றாலே கம்பெனிகளுக்கு நடுக்கம். டயாக்ளோனில் சீறிப் பாய்ந்தவை ஹாஸ்ப்ரோவிடம் வந்தபோது ஸ்பிரிங் வலுவிழந்து தொப்பென்று விழுந்ததற்கும் அதுவே காரணம். ஆகவே ‘ஸ்பிரிங் வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் அது கெட்டுப்போனதா, பிறவியிலேயே அப்படியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாகங்கள். ‘எல்லாம் இருக்கிறது’ என்ற வார்த்தைக்கு விற்கிறவர் அகராதியில் ஒரு அர்த்தம், நம் அகராதியில் வேறு அர்த்தம். கறுப்புத் துப்பாக்கி, முஷ்டி இரண்டு, ரோலர், ஏவுகணைகள், பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு குழாய், எல்லாவற்றையும் ஒரே வெள்ளைத் துணியில் பரப்பி ஒரே படமாக எடுக்கச் சொல்லுங்கள். தனித்தனிப் படம் வேண்டாம். ஸ்டிக்கர் ஷீட் ஒட்டாமல் இருக்கிறதா, ஒட்டியிருந்தால் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்றும் கேளுங்கள். கோணலாக ஒட்டிய ஸ்டிக்கர் வாழ்நாள் முழுக்க நம்மை முறைத்துக்கொண்டிருக்கும்.

மூட்டுகளைப் படத்தில் பார்க்க முடியாது, அதனால் ஒரு சின்ன வீடியோ கேட்பேன் நான்: ரோபோவாக நிறுத்தி, கையை நேராக முன்னால் நீட்டி, துப்பாக்கியோடு விடச் சொல்லுவேன். கை தானாக மெல்லத் தொங்கினால் மூட்டு தளர்ந்துவிட்டது. மறுவெளியீட்டில் இது புதுப் பொம்மைக்கே நடக்கும், அச்சு தேய்ந்திருந்தால் பாகங்கள் கச்சிதமாக உட்காராது, விளிம்புகள் மழுங்கியிருக்கும், இரண்டு பாதி சேருகிற இடத்தில் பிளாஸ்டிக் பிசிறு நீட்டியிருக்கும். பிசிறைப் பிளேடால் எடுத்துவிடலாம். வெள்ளி முலாமுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தாலோ டைகாஸ்ட் பாகத்தில் பெயிண்ட் பொங்கியிருந்தாலோ பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் டூப்ளிகேட். இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். மறுவெளியீடு வந்த பிறகு அதை வைத்தே நகலெடுத்த சீனச் சரக்கு சந்தையில் எக்கச்சக்கம், சில நிஜமாகவே நன்றாக இருக்கும். நானே பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் தெரிந்தேதான் ஒன்று வாங்கினேன், பிரித்துப் பார்ப்பதற்காக. கையில் எடுத்ததுமே கனம் குறைவு தெரிந்தது, வெள்ளி முலாமில் லேசான மஞ்சள் சாயல், திருகாணிகளின் நிறம் ஒன்றுக்கொன்று வேறு. எல்லாவற்றையும்விட முக்கியம், உடம்பில் பொறித்திருக்க வேண்டிய உரிமை முத்திரை அழிந்து வெறும் மேடாக இருந்தது. டகாராவின் பெயரோ ஹாஸ்ப்ரோவின் பெயரோ ஆண்டோடு எங்காவது தெளிவாக இருக்க வேண்டும், அதைக் கிட்டே வைத்து எடுத்த படம் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள். சில பொம்மைகளில் ஒட்டியிருக்கும், விரல் வைத்துத் தேய்த்தால் உருவம் தெரிகிற குட்டி ஸ்டிக்கரும் ஒரு சாட்சி, ஆனால் அதையும் இப்போது நகலெடுக்கிறார்கள், அதை மட்டும் நம்ப வேண்டாம். விமானமாக மாறும் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மரை ‘ரீஇஷ்யூ ஜெட்ஃபயர்’ என்று யாராவது காட்டினால் அங்கேயே உஷாராகிவிடுங்கள். அந்த விமானம் மாக்ரோஸ் என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடருக்காக டகாடோகு கம்பெனி செய்தது, அச்சு பிறகு பாண்டாய் என்ற வேறொரு பொம்மைக் கம்பெனி கைக்குப் போனது, ஹாஸ்ப்ரோ நினைத்தாலும் சுலபமாக அடித்துவிட முடியாத சரக்கு. வால்தர் பி38 துப்பாக்கியாக மாறும் பழைய மெகாட்ரானுக்கும் (ஆப்டிமஸின் எதிரி) வேறு வகைத் தொல்லை, அசல் துப்பாக்கி மாதிரியே தெரிகிற பொம்மையை அமெரிக்காவில் அப்படியே விற்க அங்கே சட்டம் விடாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அசல் வாங்க நினைப்பவர்களுக்கு மறுவெளியீடே ஒரு தலைவலி. முஷ்டி, துப்பாக்கி, ஏவுகணை எல்லாம் பழையதில் அப்படியே பொருந்தும், எனவே காணாமல் போன பாகத்துக்கு ரீஇஷ்யூ பாகத்தை மாட்டிவிட்டு ‘முழுசா 1984’ என்று அசல் விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நேர்மையாகச் செய்தால் நல்ல காரியம்தான், என் ஒடிந்த ஆளுக்கும் அப்படித்தான் துப்பாக்கி வந்தது.

விலைக்கு வருவோம். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ என்ன விலை என்று பார்த்துவிட்டு அந்த ஆள் கொள்ளையடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தியாவில் பொம்மைகளுக்கான சுங்க வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. 2021 ஜனவரியிலிருந்து இங்கே விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேறு கட்டாயம். வெளியிலிருந்து வரவழைத்தால் பொம்மை விலை, விமானத் தபால், வரி மூன்றையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும், டிரெய்லரோடு வரும் இந்தப் பெட்டி பெரிசு, தபால் செலவே கண்ணைக் கட்டும். உள்ளூரில், நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்க்க முடிகிற ஒன்றுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தப்பே இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எப்படிப் போவேன் என்று சொல்கிறேன். நீண்ட குழாய், பாகங்கள் முழுசு, முலாம் தேயவில்லை, முத்திரை தெளிவு என்றால் 14,000 கேட்கிற இடத்தில் 12,000 என்று ஆரம்பித்து, கடைசியில் அவர் கேட்டதையே கொடுத்துவிட்டும் வருவேன். குட்டைக் குழாய் என்றால் எட்டாயிரத்துக்கு மேல் போகமாட்டேன். பெட்டி திறந்தது என்பதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் எப்படியும் திறக்கத்தானே போகிறீர்கள்? பிரிக்காத பெட்டிக்கு நாலாயிரம் கூடக் கொடுத்து, அப்புறம் பிரிக்க மனசு வராமல் பரண்மேல் வைக்கிற கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். பெங்களூர் வரை போக முடியுமென்றால் போய்ப் பாருங்கள். அவர் முன்னாலேயே லாரியை ரோபோவாக்கித் திரும்ப லாரியாக்கிப் பாருங்கள், கிளம்பும்போது முஷ்டி இரண்டும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று இன்னொரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.